ஸ்டானிலேயே இருக்கலாமா, நம்பைரோவுக்கு மாறலாமா?

வணக்கம். ஸ்டானோ நம்பைரோவோ (இரண்டும் பேயசியன் புள்ளியியல் மாடல்களை ஓட்டும் மென்பொருள்கள்) தினமும் புழங்குகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் வாராந்தர டெங்கி எண்ணிக்கையை வைத்து ஸ்டானில் ஒரு மாடல் எழுதுகிறேன். ஒவ்வொரு வாரமும் 'சாதாரணம்', 'பரவல்' என்ற இரண்டு மறைநிலைகளில் (நேரில் பார்க்க முடியாத நிலைகளில்) ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். 2020ல் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்ததே, அப்படிப்பட்ட வருடத்தை ஒரே சராசரிக்குள் அடக்க முடியாது.

ஸ்டானின் நட்ஸ் சாம்பிளர் (மாடலின் அறியாத மதிப்புகளுக்கு மாதிரி எடுக்கும் முறை) கிரேடியன்ட்டை, அதாவது சரிவை, நம்பி ஓடுவது, அதனால் மறைநிலை மாதிரி மதிப்பு தெரியாத முழு எண் மாறிகளை நேரடியாக ஏற்காது. சரி, ஃபார்வர்டு அல்காரிதம் (வாரம் வாரமாக நிகழ்தகவைக் கூட்டிச் செல்லும் முறை) எழுதி, எல்லா மறைநிலைகளுக்கும் கூட்டி அவற்றை மாடலிலிருந்து நீக்கிவிட்டேன், அது ஓடுகிறது. வருட வாரியான விளைவைச் சேர்த்ததும்தான் தலைவலி: சாம்பிளர் தடம் புரள்கிறது என்று சொல்லும் டைவர்ஜென்ஸ் எச்சரிக்கை கொட்டுகிறது. மாறிகளை இரண்டிரண்டாக வரையும் பேர் பிளாட்டில், சிக்மா (வருட விளைவுகளின் பரவலளவு) சிறியதாகும் இடத்தில் புள்ளிகள் புனல் மாதிரி குறுகி, எச்சரிக்கைகள் எல்லாம் அந்தக் கழுத்திலேயே குவிகின்றன. சாம்பிளரின் அடியைச் சிறிதாக்கும் அடாப்ட் டெல்டா அமைப்பை 0.8லிருந்து 0.99க்கு ஏற்றினால் எச்சரிக்கை குறைகிறது, ஆனால் ஓட்டம் விடிய விடிய நீள்கிறது. வருட விளைவைச் சிக்மாவிலிருந்து பிரித்து எழுதும் நான்-சென்டர்டு வடிவத்துக்கு மாற்றியும் முழுதாகப் போகவில்லை.

நம்பைரோவில் மறைநிலைகளை அதுவே எண்ணிக் கூட்டிவிடும் என்பது ஆசையாக இருக்கிறது. ஆனால் அதன் அடியில் இருக்கும் ஜாக்ஸ் என்ற கணக்கீட்டு நூலகத்தில் சாதாரண ஃபார் லூப் எழுதினால் கம்பைல் ஆகவே நேரம் தின்னும், எல்லாவற்றையும் ஸ்கேன் என்ற அதன் சுழற்சிக் கட்டளைக்கு மாற்ற வேண்டும். அப்புறம் கொசுப் பெருக்கத்துக்கு ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டையும் உள்ளே வைக்கும் எண்ணம் உண்டு. அதற்காகவாவது மாறுவது நல்லதா, இல்லை என் பிரையரிலேயே (தரவுக்கு முன் நான் வைத்த அனுமானத்திலேயே) கோளாறா?

குறிமுறையை அனுப்புகிறேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் நேரில் பார்க்க முடிந்தால் காப்பி என் செலவு.