காகிதத்தில் இடது கால், குதிரைக்கு வலது கால்

போன வருடம் எங்கள் பெண்ணின் குதிரையை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து புளோரிடாவுக்கு டிரெய்லரில் கொண்டுபோனோம். இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, கால்நடை டாக்டர் நேரில் பார்த்துக் கொடுக்கும் ஹெல்த் சர்டிபிகேட். 30 நாள்தான் செல்லும். இன்னொன்று, 12 மாதத்துக்குள் எடுத்த கோகின்ஸ் டெஸ்ட். குதிரைக்கு வரும் ஒரு தொற்று ரத்தசோகைக்கான பரிசோதனை அது. கடிக்கும் ஈக்களால் பரவும் நோய். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வந்துவிட்டால் ஆயுசுக்கும் தனியாகக் கட்டிவைக்க வேண்டும், இல்லையென்றால் கருணைக்கொலை. கெடுபிடி இருக்காதா பின்னே!

ஐ-75 நெடுஞ்சாலையில் எல்லை தாண்டியதும் விவசாயச் சோதனைச் சாவடி. டிரெய்லர் என்றால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். விடியற்காலை 4 மணி. அதிகாரி காகிதத்தைப் படித்தார், டார்ச்சோடு பின்னால் போனார், குனிந்தார்.

"இடது பின்னங்காலில் வெள்ளை அடையாளம் என்று போட்டிருக்கிறது. இதற்கு வலது காலில் இருக்கிறதே?"

அந்தப் படிவத்தை மூன்று முறை வாசித்தவன் நான். தேதி பார்த்தேன், பெயரின் எழுத்து பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. எதிரே நின்று எழுதியவர் தன் கைப்பக்கத்தைக் கணக்கு வைத்துவிட்டார் போல. கிளினிக் திறந்து, திருத்திய பிரதி மெயிலில் வரும்வரை நான்கு மணி நேரம். குதிரை மட்டும் நிம்மதியாக வைக்கோல் தின்றது.

---

நான் ஒரு கால்நடை கிளினிக்கில் முன்மேசை வேலை. எங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது, மறைப்பானேன். இப்போது போட்டோவோடுதான் படிவம் அனுப்புகிறோம். இன்னொன்று: டாக்டர் பார்ப்பது நீங்கள் போய்ச் சேரும் மாநிலத்தின் விதியை. யுஎஸ்டிஏ (அமெரிக்க விவசாயத் துறை) அங்கீகாரம் உள்ள டாக்டர்தான் கையெழுத்துப் போடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து "நாளைக்குக் கிளம்புறோம்" என்று நிற்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

---

உங்களுக்காவது நான்கு மணி நேரம். நாங்கள் நாயோடு ஹவாய்க்குக் குடிபோனோம். அங்கே வெறிநாய்க்கடி நோயே கிடையாது, அதனால் நாய்க்கு மைக்ரோசிப், 30 நாள் இடைவெளியில் இரண்டு ரேபிஸ் ஊசி, அப்புறம் ரத்தப் பரிசோதனை. எல்லாம் முடித்தோம். ரத்தம் லேபுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 30 நாள் கழித்துத்தான் தரையிறங்கணும் என்பதைக் கவனிக்காமல் 19வது நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். முன்னாடியே போனால் நாய் அரசாங்கக் கூண்டில் இருக்க வேண்டும். கணவர் வேலையில் சேர முதலில் போனார். காலி வீட்டில் ஒரு பாய், ஒரு சூட்கேஸோடு நானும் நாயும் மிச்ச நாளை ஓட்டினோம்.