நடுத்தர விட்டத் தோட்டாக்கள்: பெருவிலங்கு வேட்டையில் கண்டவை

பெருவிலங்கு வேட்டைக்கு ஒரே ஒரு ரைஃபிளை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், பெரும்பாலும் .30-06-க்கும் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்கும் இடையில்தான் தங்கள் தோட்டாவைத் தேடுகிறார்கள் (.30, .375 போன்றவை விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண்கள்). 1906-இல் வந்த முதல் தோட்டா மான் இனங்களுக்குப் போதுமானது. 1912-இல் வந்த இரண்டாவது, ஆப்பிரிக்கக் காட்டெருமையை எதிர்கொள்ளவும் ஏற்றது. நடுவில் .338 வின்செஸ்டர் மேக்னம், .35 வீலன், மில்லிமீட்டரில் பெயரிடப்பட்ட 9.3×62 ஆகிய மூன்றும் நிற்கின்றன. நெடுங்காலமாக நான் 9.3×62-ஐப் பயன்படுத்தி வருகிறேன். அதன் காரணங்களை இங்கே பதிவு செய்கிறேன்.

இதை 1905-இல் வடிவமைத்தவர் பெர்லினைச் சேர்ந்த துப்பாக்கி வினைஞர் ஓட்டோ போக். மவுசர் 98 ரைஃபிளின் வழக்கமான அளவுள்ள இயங்குபகுதியிலேயே (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதி) பொருந்தும்படி அவர் அதை அமைத்ததால், நீண்ட மேக்னம் இயங்குபகுதிக்குப் பெருந்தொகை செலவிட இயலாத ஆப்பிரிக்கக் குடியேறிகளின் கைக்கும் ஒரு வலுவான துப்பாக்கி எட்டியது. இன்றைய தோட்டாவில், கூட்டிலிருந்து பிரிந்து பறக்கும் 18.5 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 720 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. குழல்வாய் ஆற்றல் 4,800 ஜூலை ஒட்டி அமையும். .30-06-இன் 11.7 கிராம் குண்டு 820 மீட்டர் வேகத்தில் தருவது 3,900 ஜூல். ஆனால் களத்தில் நான் பெரிதாக மதிப்பது ஆற்றல் எண்ணை அன்று. 9.3 மில்லிமீட்டர் குண்டின் குறுக்குப் பரப்பு, 7.8 மில்லிமீட்டர் குண்டினுடையதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். அவ்வளவு அகலமாக இருந்தும், அதன் எடை காரணமாக ஆழமாகவும் ஊடுருவுகிறது.

ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில், உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் ஓர் ஈலண்ட் கூட்டத்தின் தடத்தைப் பின்தொடர்ந்தபோது இது எனக்குத் தெளிவாக விளங்கியது. ஈலண்ட், கொம்பு உதிராத மான் வகைகளான இரலைகளிலேயே மிகப் பெரியது. முதிர்ந்த ஆண் 700 கிலோவையும் தாண்டும். காலையிலிருந்து நடந்து, நண்பகலுக்குச் சற்று முன்பு, முள்மரங்களுக்கிடையே அறுபது மீட்டருக்குள் ஒரு கிழட்டு ஆணைக் கண்டோம். தோள் தெளிவாகத் தெரிந்தும் வழிகாட்டி கையை உயர்த்தி என்னைத் தடுத்தார், ஏனெனில் அதன் பின்னால் ஒரு பெண் ஈலண்ட் நின்றுகொண்டிருந்தது. உடலை ஊடுருவி வெளியேறும் வலிமையுள்ள குண்டை வைத்திருப்பவர், அது வெளியேறிய பிறகு எங்கே செல்லும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெண் விலகிச் சென்றபோது ஆணும் திரும்பிக்கொண்டது. இப்போது அது முக்கால் பங்கு எங்களை நோக்கி, மார்பின் ஓரத்தைக் காட்டி நின்றது. ஆப்பிரிக்க மான்களின் இதயமும் நுரையீரலும் முன்னங்கால்களை ஒட்டி, முன்பக்கமாகவும் தாழ்வாகவும் அமைந்திருப்பதால், தோள் மூட்டின் உட்புறத்தை, உடலின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைத்தேன். சுட்டதும் அது முதுகை வளைத்து ஓடியது. நாற்பது மீட்டருக்குள் விழுந்து கிடந்தது. குண்டு தோள் எலும்பை உடைத்து, இரு நுரையீரல்களையும் கடந்து, மறுபக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் தோலை ஒட்டி நின்றிருந்தது. அந்தக் கோணத்தில் இலகுவான, வேகமான குண்டு ஒன்றைக் கொண்டு நான் சுட்டிருக்க மாட்டேன். விலங்கு பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்திருப்பேன், முள்மரங்களுக்கிடையே அது திரும்பாமலேயே மறைந்தும் போயிருக்கலாம்.

*

நண்பர் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் அவருடைய களம் அடர்ந்த புதர்க்காடு, என்னுடையது திறந்த மலைச்சரிவு என்பதால், என் முடிவு வேறாக இருக்கிறது. நான் வேட்டையாடுவது எல்க் எனும் பெரிய வட அமெரிக்க மான். பயன்படுத்துவது 1958-இல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னம். 16.2 கிராம் குண்டு நொடிக்கு 810 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆற்றல் 5,300 ஜூல். 200 மீட்டரில் குறியைச் சரிசெய்துவிட்டு 300 மீட்டரில் சுட்டுப் பார்த்தால், என்னுடைய குண்டு ஒரு சாணுக்குச் சற்று மேலாகத் தாழ்கிறது, 9.3×62-இன் கனமான குண்டோ ஏறத்தாழ ஒன்றரைச் சாண் தாழும். காகிதத்தில் இது சிறிய வேறுபாடு. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில், மாலை வெளிச்சம் மங்கும் வேளையில், தூரத்தை அளக்கக் கிடைக்கும் நேரமும் குறைவாக இருக்கும்போது, அது பெரிய வேறுபாடு.

அப்படியொரு மாலையில், தூரமானி 280 மீட்டர் காட்டியது. எல்க் பின்பக்கத்தைச் சற்றே எங்களை நோக்கித் திருப்பி மேய்ந்துகொண்டிருந்தது. நான் படுத்த நிலையில், தோள்பையின் மேல் துப்பாக்கியைத் தாங்கியிருந்தேன். குண்டு கடைசி விலா எலும்பின் அருகே நுழைந்து, எதிர்த்தோளை நோக்கிச் சாய்வாகச் செல்ல வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் புல் நிறைந்த இரைப்பையின் ஓரமும் குறுக்கிடும். உள்ளே இரு அறைகளாகப் பிரிக்கப்பட்ட நாஸ்லர் பார்ட்டிஷன் குண்டை நான் நம்பியது இத்தகைய கோணங்களுக்காகத்தான். 1946-இல் மூஸ் எனும் மிகப் பெரிய மானின் வேட்டையில், சேறு காய்ந்து ஒட்டியிருந்த விலங்கின் உடலில் தம் குண்டுகள் ஆழமாகச் செல்லாததைக் கண்ட ஜான் நாஸ்லர், முன்பாதி விரிந்தாலும் பின்பாதி குலையாமல் முன்னேறும்படி அதை வடிவமைத்தார். எல்க் இரண்டு அடி எடுத்து வைத்து, சரிவிலேயே சாய்ந்தது. தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் கட்டமைப்பைப் பற்றி முதலில் சிந்தியுங்கள் என்று புதியவர்களை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மென்மையான குண்டை ஏற்றிய .338, உறுதியான குண்டை ஏற்றிய .30-06-இடம் தோற்றுப்போகும்.

பின்னுதைப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள ரைஃபிளில் .338-இன் உதைப்பு .30-06-ஐவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. 9.3×62 கணக்கில் அதைவிடச் சற்றே குறைவுதான், ஆனால் வேகம் குறைவாக இருப்பதால் அது அடியாக விழாமல் நீண்ட தள்ளலாகத் தோளில் உணரப்படுகிறது. ஆண்டு முழுவதும் உதைப்பு மிகக் குறைந்த சிறிய .22 ரைஃபிளில் விசையை இழுக்கும் பயிற்சியைச் செய்துவிட்டு, பருவத்துக்கு முன் பெரிய துப்பாக்கியை எடுப்பது என் வழக்கம். ஒரே அமர்வில் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் அதில் சுடுவதில்லை. வலிக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அதை நீக்கப் பல மாதங்கள் ஆகும்.

*

இருவருக்கும் வணக்கம். எனக்குச் சிறிய உடல்வாகு. தோளில் பழைய காயமும் உண்டு. சுவீடனில் மூஸ் வேட்டைக்குச் சட்டம் கேட்பது, 10 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட குண்டுக்கு 100 மீட்டரில் 2,000 ஜூல். குண்டு 9 கிராம் என்றால் 2,700 ஜூல். ஜெர்மனியிலும் சிறிய ரோ மான் தவிர்ந்த பெருவிலங்குகளுக்கு 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூலும்தான் குறைந்தபட்சம். இந்த வரம்புகளை .30-06 எளிதில் தாண்டிவிடுகிறது. உறுதியான 11.7 கிராம் குண்டுடன், நாய் மூஸை நிறுத்தி வைக்கும் வரை காத்திருந்து, பக்கவாட்டில் மட்டும் சுடுகிறேன். சுட்ட பிறகு அது சற்று தூரம் நடந்து சென்று விழும்; சில வேளைகளில் இரத்தத் தடம் மெல்லியதாக இருப்பதால், நாயின் துணை இல்லாமல் தேடுவது கடினமாகியிருக்கும். பெரிய துளையின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தோள் தாங்கக்கூடிய தோட்டாதான் எனக்கு நடுத்தரத் தோட்டா. மார்பின் ஓரத்தையோ பின்பக்கத்தையோ காட்டி நிற்கும் மூஸை விட்டுவிடுகிறேன்; அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

*

இந்த உரையாடலைத் தொடங்கிய நான், கடைசியாக எழுதியவரின் தெரிவை மனமார மதிக்கிறேன். எந்தக் கோணத்தில் சுடமாட்டேன் என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்பவர், தம் தோட்டாவை நன்கு அறிந்தவர்.

தனிச்செய்தியில் சிலர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இங்கேயே விடை தருகிறேன். முதலாவது, நடுத்தரத் தோட்டாவைக் கொண்டு காட்டெருமை வேட்டைக்கும் செல்லலாமா என்பது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 என்பதே சட்டப்படி குறைந்தபட்ச விட்டம். சில இடங்களில் 9.3 மில்லிமீட்டரை ஏற்கிறார்கள், .338-ஐ ஏற்பதில்லை. அப்படியொரு பயணம் மனத்தில் இருந்தால், வாங்குவதற்கு முன்பே செல்லவிருக்கும் நாட்டின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது, ஈயம் இல்லாத தாமிரக் குண்டுகளைப் பற்றியது. கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகள் முழுமையாகத் தடை செய்யப்பட்டுள்ளன; பிற இடங்களிலும் இந்த மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. தாமிரம் ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. எனவே அதே எடையில் குண்டு நீளமாகி, தோட்டாக் கூட்டுக்குள் வெடிமருந்துக்கான இடத்தைக் குறைக்கிறது. அத்துடன் வேகம் குறைந்தால் அதன் முனை சரியாக விரியாது. அதனால் 9.3×62-இல் தாமிரத்துக்கு மாறுகிறவர்கள் 18.5 கிராமுக்குப் பதிலாக 16.2 கிராம் குண்டை எடுத்துக்கொள்வது நல்லது. எடை குறைந்தாலும் அது உடையாமல் முழுமையாக நிற்பதால் ஊடுருவலில் இழப்பு ஏற்படுவதில்லை. வேகம் கூடுவதால், மலைச்சரிவு நண்பர் சுட்டிக்காட்டிய தாழ்வும் ஓரளவு குறைகிறது. மாற்றுவதற்கு முன் குழலில் படிந்திருக்கும் பழைய கசடை முழுமையாக நீக்கி, புதிய தோட்டாவுக்கு 100 மீட்டரிலிருந்து குறியை மீண்டும் சரிசெய்துகொள்ளுங்கள். பழைய குறியிலேயே புதிய குண்டு விழும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.