சோதித்துப் பார்க்க முடியாத கடவுளை நம்புவது நியாயமாகுமா?

கேள்வி: மண்டபம் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் என் தாய்மாமாவுக்கும் இடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு வாக்குவாதத்தை இங்கே வைக்கிறேன். மாமா விசைப்படகு வைத்திருப்பவர். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால், யார் என்ன சொன்னாலும் படகை அவிழ்க்க விடமாட்டார். கூண்டு ஏற்றாத நாளிலும் காற்றையும் நீரோட்டத்தையும் தாமே ஒருமுறை பார்த்த பிறகுதான் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்க ஆள் அனுப்புவார். பழைய எஞ்சின் ஒன்றை விலைக்குக் கேட்கப் போன இடத்தில், விற்பவர் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், அளவுகோலை உருவி, அதில் ஒட்டியிருந்த எண்ணெயை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "தூள் நெருடுகிறது, வேண்டாம்" என்று திரும்பி வந்தவர். இப்படி எதையும் உரசிப் பார்க்கும் மனிதர், கடவுள் என்று வந்தால் மட்டும் "அதற்கு எதற்குச் சோதனை?" என்கிறார்.

வற்புறுத்திக் கேட்டால் கோதண்டராமர் கோயிலைக் காட்டுகிறார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போயிற்று, ரயிலோடு பயணிகளும் போனார்கள், கோயில் மட்டும் நின்றது என்கிறார். அது சான்றாகாது என்று நான் மறுத்தால், "சரி, அதை விடு. சான்றே இல்லை என்று வைத்துக்கொள். நான் நம்புவதில் என்ன தவறு?" என்று கேட்கிறார். அங்கேதான் நான் நின்றுவிடுகிறேன்.

எனவே, கடவுள் உண்டா இல்லையா என்பது என் கேள்வி அன்று. சோதித்து உறுதிசெய்யத்தக்க சான்று இல்லாத நிலையில் ஒருவர் கடவுளை நம்புவதற்கு அறிவு நெறிப்படி உரிமை உண்டா என்பதே கேள்வி. சேதுப் பாலம் இயற்கையா, கட்டப்பட்டதா என்பதைத் தயவுசெய்து இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம். அதற்கு ஏற்கெனவே போதிய இழைகள் உள்ளன.

பதில்: இயற்பியல் வாத்தியார், இராமநாதபுரம்

தம்பி, கோயிலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த வாதத்தின் ஓட்டை எங்கே என்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. தியாகோரஸ் என்ற கிரேக்க நாத்திகரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் சிசரோ ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். புயலில் சிக்கி, நேர்ந்துகொண்டு, உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தவர்கள் காணிக்கையாக வைத்த ஓவியங்களை ஒரு நண்பர் அவருக்குக் காட்டி, "தெய்வங்கள் நம்மைக் கவனிப்பதில்லை என்கிறாயே, இத்தனை பேரைப் பார்" என்றாராம். "கப்பல் உடைந்து மூழ்கியவர்களை யாரும் வரைந்து வைக்கவில்லையே" என்பது தியாகோரஸின் விடை. 1964-இல் அதே கரையில் இருந்த தேவாலயம் இடிந்தது. அதன் மொட்டைச் சுவர்களைத்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அந்த ரயிலில் இருந்தவர்களும் கடைசி நேரத்தில் வேண்டிக்கொள்ளாமல் இருந்திருப்பார்களா? நின்றதை மட்டும் எண்ணி, விழுந்ததை எண்ணாமல் விட்டால் எதையும் மெய்ப்பித்துவிடலாம்.

இனி மாமாவின் இரண்டாவது கேள்வி. கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்டு 1877-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு கப்பல் முதலாளியிலிருந்து தொடங்குகிறது. கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டியது என்ற ஐயம் அவருக்கு வருகிறது. ஆனால் இதுவரை பல புயல்களைத் தாங்கிய கப்பல்தானே, பிழைப்புத் தேடிக் குடும்பம் குடும்பமாகப் போகும் இந்த ஏழைகளைக் கடவுள் கைவிடமாட்டார் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, முழு மனத்தோடு நம்பி அனுப்பி வைக்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொள்கிறார். அவருடைய நம்பிக்கை உண்மையானதுதான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்று அவர் மேலும் சொல்வதுதான் கட்டுரையின் கூர்மை. போதிய சான்றின்றி எதையும் நம்புவது எங்கும், எப்போதும், எவருக்கும் தவறு என்பது அவர் முடிவு. நானும் ஏறத்தாழ அந்தக் கட்சிதான்.

"கடவுள் சோதனைக்கு அப்பாற்பட்டவர்" என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெல்லும்போது சமயங்கள் சோதனையை மறுத்ததில்லை. மதுரையில் திருஞானசம்பந்தர் சமணரோடு செய்த அனல் வாதமும் புனல் வாதமும் என்ன? ஏட்டைத் தீயிலும் வைகையிலும் இட்டு, எது எரியாது, எது எதிர்த்து ஏறும் என்று பார்த்ததாகத்தானே பெரியபுராணம் சொல்கிறது? விவிலியத்தில், யாருடைய கடவுள் தீயை அனுப்புவார் பார்ப்போம் என்று கர்மேல் மலையில் எலியா, பாகால் என்ற தெய்வத்தின் இறைவாக்கினர்களுக்கு விடுத்த அறைகூவலும் அதே வகைதான். ஆனால் இந்தக் காலத்தில் முறைப்படி சோதித்தால் விடை வேறாக வருகிறது. அமெரிக்காவில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. தமக்காகப் பிறர் வேண்டுகிறார்களா என்று தெரியாத நிலையில் வேண்டப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், வேண்டப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம் அது 59 விழுக்காடு.

பதில்: தங்கச்சிமடத்திலிருந்து

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு சிறு மறுப்பு. எலியாவைச் சொன்னவர், "உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம்" என்று அலகையிடம் (சாத்தானிடம்) இயேசு கூறியதை விட்டுவிட்டார். நாங்கள் செபிப்பது மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதைப் போன்ற செயலன்று. அந்த 1,802 பேருக்கும் அவர்களுடைய வீட்டார் தனியே செபித்திருப்பார்கள். அதை எந்த ஆய்வாளரும் நிறுத்தி வைத்திருக்க முடியாது.

கிளிஃபோர்டுக்கு 1896-இல் அமெரிக்க மெய்யியலார் வில்லியம் ஜேம்ஸ் அளித்த மறுமொழியையும் தம்பி படிக்க வேண்டும். அறிவால் தீர்த்துவிடக்கூடிய கேள்வியில் விருப்பத்துக்கு இடமில்லை என்பதை ஜேம்ஸும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அறிவால் தீராததும், தள்ளிப்போட முடியாததும், வாழ்க்கையையே மாற்றக்கூடியதுமான ஒரு கேள்வியில், முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவே ஆகிவிடுகிறது. அங்கே ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சத்தை மட்டும் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்று யார் விதித்தது என்று கேட்கிறார். இதில் தம்பியின் மாமா எங்கே தவறினார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் படகையும் பார்க்கிறார், செபமும் செய்கிறார். கிளிஃபோர்டின் முதலாளி படகைப் பார்க்கவில்லை.

பதில்: சேதுக்கரை

இருவரும் ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டார்கள். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் என் பங்குக்கு நம் பக்கத்து நூல்களைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எது சான்று?" என்பதை முடிவு செய்யாமல் எந்தப் பொருளையும் பேசக் கூடாது என்பது நம் மரபின் ஒழுங்கு. காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க நூலால் அறிவது) என்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, வகுத்துவிட்டுத்தான் சிவஞான சித்தியார் என்ற சைவ நூல் வாதத்துக்குள் நுழைகிறது. கண்ட உலகமே உண்மை என்ற உலகாயதர் காண்டல் ஒன்றையே ஏற்றார்கள். நியாயம் என்ற தருக்கப் பள்ளியைச் சேர்ந்த நியாய மரபினரோ கருதல் அளவையாலேயே கடவுளை நிறுவிவிடலாம் என்றார்கள். குடம் செய்யப்பட்ட பொருள், அதற்குக் குயவன் உண்டு, உலகமும் செய்யப்பட்ட பொருள், ஆகவே அதற்கும் ஒரு கருத்தா உண்டு என்பது அந்த மரபின் அறிஞர் உதயணர் விரிவாக எடுத்து நடத்திய வாதங்களில் ஒன்று.

இதை உடைத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பௌத்தர் உடைத்தார்கள், அது எதிர்பார்த்ததே. ஆனால் இராமாநுசரும் உடைத்தார். உலகம் முழுவதும் ஒரே காலத்தில், ஒரே ஒருவரால் செய்யப்பட்டது என்பதற்கு என்ன உறுதி, பெரிய மாளிகையைப் பலர் சேர்ந்தல்லவா கட்டுகிறார்கள், நாம் கண்ட கருத்தாக்கள் எல்லோரும் உடம்பும் குறைந்த ஆற்றலும் உடையவர்கள் அல்லவா என்று அடுக்கி, கருதல் அளவையால் பரம்பொருளை எட்ட முடியாது, மறை ஒன்றே அதற்கு வாயில் என்று ஸ்ரீபாஷ்யத்தில் நிறுவுகிறார். கடவுளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஒருவர், கடவுளை மெய்ப்பிக்கும் வாதம் செல்லாது என்று எழுதினார். அதனால் அவருடைய பக்தி எள்ளளவும் குறையவில்லை. கோதண்டராமர் கோயில் நின்றதைச் சான்றாகக் காட்ட வேண்டிய தேவை மாமாவுக்கு இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய துணை கிடைக்காது.

அடுத்தது இன்னும் சுவையானது. ஓர் அறிவு தோன்றியவுடனே அதை மெய் என்று கொள்ளலாமா, அல்லது வேறொன்றால் சரிபார்த்த பிறகே கொள்ள வேண்டுமா? தானே மெய், பிழை என்று காட்டப்படும் வரை அப்படியே கொள்க என்றார்கள், வேதத்துக்குப் பொருள் காண்பதையே பணியாகக் கொண்ட மீமாம்சகர்கள். இல்லை, புறத்தே சரிபார்க்க வேண்டும் என்றார்கள் நியாய மரபினர். சரிபார்ப்பதற்குப் பயன்படும் அறிவை எதனால் சரிபார்ப்பது, அதை எதனால், என்று இது முடிவின்றி நீளாதா என்பது மீமாம்சகர் கேட்ட எதிர்க்கேள்வி. தம்பி, உங்கள் வீட்டுச் சண்டை இதுவேதான். வேடிக்கை என்னவென்றால், சரிபார்ப்பைக் கோரிய நியாய மரபினர் கடவுளை ஏற்றார்கள். சரிபார்ப்பு வேண்டாம் என்ற மீமாம்சகர்கள், வேதத்தை முழுமையாக ஏற்றும், உலகைப் படைத்த ஓர் இறைவனை ஏற்கவில்லை. சோதனை கேட்பவன் நாத்திகன், கேட்காதவன் ஆத்திகன் என்ற நம் காலத்துப் பிரிவினை அங்கே செல்லுபடியாகாது.

என் தீர்ப்பைக் கேட்டால், கிளிஃபோர்டின் விதி தன்னையே தாங்காது என்பேன். "போதிய சான்றின்றி எதையும் நம்பாதே" என்ற விதிக்கு எந்தச் சோதனை சான்றாக நிற்கிறது? உலகம் நேற்றும் இருந்தது, எதிரே இருப்பவருக்கும் மனம் உண்டு என்பவற்றையெல்லாம் நாம் சோதித்தா ஏற்றோம்?

பதில்: இயற்பியல் வாத்தியார், இராமநாதபுரம்

ஐயா, விதி தன்னையே தாங்காது என்பதை ஓரளவு ஏற்கிறேன். ஆனால் எதிரே இருப்பவருக்கு மனம் உண்டு என்பதில் மண்டபத்துக்கும் மதுரைக்கும் வேறுபாடு இல்லை. கடவுள் விஷயத்தில் ஒரே தெருவில் மூன்று வகை உறுதி இருக்கிறது. அடிப்படை நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்றால், நாளை யார் எதைச் சொன்னாலும் அதே சலுகையைத் தர வேண்டியிருக்கும்.

பதில்: கீழக்கரைக்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும். வாத்தியார் காக்கா சொல்லும் சிக்கலை உள்ளிருந்தே அனுபவித்தவர் இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி. கண்ணுக்கு நட்சத்திரம் ஒரு தினார் நாணயம் அளவே தெரிகிறது, கணிதமோ அது பூமியைவிடப் பெரியது என்று காட்டுகிறது. அப்படியானால் புலன்களை நம்ப முடியாது. புலன்களை அறிவு திருத்தியது போல, அறிவையே திருத்தும் இன்னொன்று ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் எதையும் உறுதியாகக் கொள்ள முடியாமல் அவர் தவித்தார். அதிலிருந்து மீண்டது வாதத்தாலும் ஆதாரத்தாலும் அன்று, இறைவன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் என்று அவரே எழுதுகிறார். 1111-இல் மறைந்த அவரைவிட நேர்மையாக இதைச் சொன்னவரை நான் படித்ததில்லை.

இருந்தாலும் நான் எழுத வந்தது, தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வரும் ஏர்வாடியைப் பற்றி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி எரிந்து மாண்டார்கள். தீ தர்காவுக்குள் பிடிக்கவில்லை, தர்கா யாரையும் சங்கிலியிடச் சொல்லவும் இல்லை என்பதை வெளியூர்க்காரர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நோயாளியை அங்கே கொண்டுவந்து விட்டால் போதும், பிணி தானே நீங்கும் என்ற உறுதிதான் பல குடும்பங்களை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தது. "குணமாகும்" என்பது சோதிக்கக்கூடிய கூற்று. சோதிக்கக்கூடியதைச் சோதிக்காமல் விட்டு, அதன் விலையைச் சங்கிலியில் இருப்பவன் தலையில் கட்டுவதற்கு எந்த ஈமானும் (இறைநம்பிக்கையும்) அனுமதி தராது. பின்னாளில் அரசு தர்கா வளாகத்திலேயே மருத்துவர்களை அமர்த்தி, துவாவோடு (வேண்டுதலோடு) மருந்தையும் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. துவா கேட்க வருபவரை யாரும் தடுக்கவில்லை, மாத்திரையை நிறுத்தவும் யாரும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்: மண்டபம் மாணவன்

அனைவருக்கும் நன்றி. சேதுக்கரை ஐயாவின் பதிவை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இராமாநுசர் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார். கோயில் வாதத்தை இனிச் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டாரே தவிர, மற்றதில் இம்மியும் நகரவில்லை. எனக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஐயம். கஸ்ஸாலிக்குக் கிடைத்த ஒளி போன்ற ஒன்று மூன்று சமயத்தாருக்கும் மூன்று விதமாகக் கிடைத்தால், மூவருக்குமே நம்ப உரிமை உண்டா?

பதில்: கீழக்கரைக்காரன்

மூவருக்கும் உண்டு என்பேன், ஆனால் மூவரும் சரி என்று பொருளில்லை. உரிமையோடு நம்பியவரும் தவறியிருக்கலாம். ஒளி எனக்குக் கிடைத்தது என்பதால் நான் நம்பலாம். உங்களுக்குக் கிடைக்காதபோது, நீங்களும் நம்பியாக வேண்டும் என்று சொல்ல அது எனக்கு அதிகாரம் தராது. உங்களை இணங்கவைக்க விரும்பினால், உங்களுக்கும் எனக்கும் பொதுவான காரணங்களோடு நான் வர வேண்டும். கஸ்ஸாலியே தத்துவவாதிகளை மறுத்தபோது ஒளியைக் காட்டவில்லை; அவர்களுடைய தருக்கத்தைக் கையிலெடுத்து, அதன்படியே அவர்களுடைய வாதம் நிற்காது என்று வரிக்கு வரி எழுதினார்.