உருள்வடிவம்: மாலெவிச்சின் உழவர் படங்களுக்கு ஒரு சொல்

வணக்கம்.

ஓவியர் காசிமிர் மாலெவிச் 1912, 1913 வாக்கில் வரைந்த உழவர் படங்களின் பாணிக்குத் தமிழில் ‘கனசதுரவியம்’ (கியூபிசம்) என்ற சொல்லே போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை; அதற்குத் தனிச்சொல் ஒன்றை நாம் ஆக்க வேண்டும். 1908-இல் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக்கின் படங்களைப் பார்த்த விமர்சகர் லூயி வோசெல், எல்லாவற்றையும் கனசதுரமாக்கிவிட்டார் என்று எழுதப்போய் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மாலெவிச்சின் உழவர்களிடம் சதுரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘மரவெட்டி’யைப் பாருங்கள். கோடரி பிடித்த ஆளைச் சுற்றிலும் கட்டைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கட்டையும் உருளை, அவன் கையும் காலும் உருளை. ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுக்கும் வண்ணப்பூச்சில் மரம், துணி எல்லாமே தகடுபோல மின்னுகின்றன. எது தொடை, எது கட்டை என்று கண் ஒரு கணம் தடுமாறும். அதே இடத்தில் உள்ள ரை என்னும் தானியத்தின் அறுவடைப் படத்திலும் குனிந்த உடம்புகளும் கதிர்க்கட்டுகளும் ஒரே வார்ப்பு. உழைக்கிற உடம்பும் உழைப்புக்குரிய பொருளும் ஒரே வடிவமாகிவிடுவதுதான் இந்தப் படங்களின் உயிர். கியேவில் பிறந்து, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த தந்தையோடு உக்ரைன் கிராமங்களில் வளர்ந்தவர் அவர். வயல்வேலையை அருகிருந்து பார்த்த கண் இது. நாம் ஆக்கும் சொல் இந்த ஒருமையைச் சுட்ட வேண்டும்.

‘குழலியம்’ என்று சொல்லலாமா என்றால், எனக்கு ஒப்பவில்லை. பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜேயின் படங்களை அதே வோசெல் ‘ட்யூபிஸ்ம்’ என்று கேலி செய்ததற்கு அது நேர்ச்சொல்தான். ஆனால் குழல் என்றால் உள்ளே வெற்றிடம். இந்த உழவர்களோ கனத்தவர்கள். ‘உருளையியம்’ என்றாலோ, இந்தப் படங்களில் உருளையோடு வரும் கூம்பை விட்டுவிடுகிறது, நாவிலும் சிக்குகிறது.

ஆகவே ‘உருள்வடிவம்’. உருளையும் உருளும், கூம்பும் உருளும், கனசதுரம் உருளாது. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை என்பதால் அசைவும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. உருள்வடிவ ஓவியம், உருள்வடிவப் பாணி, உருள்வடிவ உழவர் என்று தடையின்றி நீளும். லெஜேவுக்கும் இதையே பயன்படுத்தலாம்.

1920-களின் கடைசியில் மாலெவிச் மறுபடி வரைந்த உழவர்களுக்கு மட்டும் இது வேண்டாம். சோவியத் அரசின் கூட்டுப்பண்ணைகளுக்காக உழவர்களின் நிலம் பறிபோன காலத்துப் படங்கள் அவை. தட்டையான வண்ணப்பட்டைகளுக்கு முன்னால் நிற்கும் பலருக்குக் கண், வாய் எதுவும் இல்லை. கையில் வேலையும் இல்லை. அவற்றுக்கு ‘முகமிலி உழவர்’ என்பதைத் தனிச்சொல்லாகப் பதியலாம்.