60 நாள் நெருங்குகிறது, குற்றப்பத்திரிகை வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி (காரைக்குடி)

எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றில் தேக்குக் கதவுகளும் பித்தளைச் சாமான்களும் களவு போனதாகப் பதிவான வழக்கில், அங்கே முன்பு தச்சு வேலை பார்த்த என் தங்கை மகனைக் கைது செய்தார்கள். முதல் தகவல் அறிக்கையில் வீட்டில் திருட்டு என்னும் பிரிவு மட்டுமே உள்ளது. பிணை மனு தள்ளுபடியாகிவிட்டது. காவல் நீட்டிப்பு மட்டும் தவறாமல் நடக்கிறது. குற்றப்பத்திரிகையே தாக்கல் செய்யாமல் எவ்வளவு காலம் சிறையில் வைத்திருக்க முடியும்?

மறுமொழி 1 (தேவகோட்டை, வழக்கறிஞர்)

ஐயா, நீங்கள் சொல்லும் பிரிவுக்கு உச்ச தண்டனை 7 ஆண்டு என்பதால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3)-இன்படி குற்றப்பத்திரிகைக்கு 60 நாள்தான் கெடு. ஆயுள் தண்டனை போன்ற கடுமையான குற்றங்களுக்கு 90 நாள். நடுவர் முதன்முதலில் காவலுக்கு அனுப்பிய நாளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆனால் கெடு முடிந்ததும் சிறைக்கதவு தானாகத் திறப்பதில்லை. குற்றப்பத்திரிகை வந்துசேருவதற்குள், கெடு தவறியதைக் காட்டிப் பிணை கேட்டு மனு கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால், பிறகு அவசரமாகத் தாக்கலாகும் குற்றப்பத்திரிகை அந்தப் பிணை உரிமையைப் பறிக்காது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே ஆண்டு, நம் பக்கத்துச் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில், கொரோனா ஊரடங்குகூட இந்தக் கெடுவை நீட்டிக்காது என்றும் தீர்ப்பளித்தது. முந்தைய மனு தள்ளுபடியானது இதற்குத் தடையல்ல, ஏனெனில் இங்கே வழக்கின் தன்மையை நீதிமன்றம் எடைபோடுவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரவில் வீடு புகுந்து திருடியதாக வழக்கின் சட்டப் பிரிவை மாற்றிக் காவல்துறை அறிக்கை தாக்கல் செய்திருந்தால், அதற்குத் தண்டனை கூடுதல் என்பதால் 60 நாளா 90 நாளா என்ற வாதம் எழும், இன்றே நீதிமன்றத்தில் விசாரியுங்கள்.

மறுமொழி 2 (திருப்பத்தூர்)

ஜாமீன்தாரர்களை இப்போதே தயார் செய்யுங்கள், அண்ணே. எங்கள் வீட்டில் உத்தரவு கிடைத்தும், சொத்து மதிப்புச் சான்று கைக்கு வராததால் பையன் மேலும் பல நாள் உள்ளேயே இருந்தான். அவன் தாய் பட்ட வேதனையை இன்னொருவர் படக்கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால், காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மறுமொழி 3 (தேவகோட்டை, வழக்கறிஞர்)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்தபின் இந்தக் கெடு கிடையாது. நிலையத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, சிங்கப்பூர் வேலைக்குப் போக முடியாமல், காவல்துறை விசாரணையே முடியாத வழக்கோடு ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களை நான் அறிவேன். அப்படி இழுத்தால், குறித்த காலத்துக்குள் இறுதி அறிக்கை தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு செய்யுங்கள்.