டெலிமார்க் பைண்டிங் எது வாங்கலாம்? பழைய 75 மி.மீ. பூட்ஸ், பழைய துளை உள்ள ஸ்கீ – உதவி தேவை

கேள்வி: கோத்தகிரி மூடுபனி

வணக்கம். பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்குக்கு டெலிமார்க் (குதிகாலைத் தூக்கி, முழங்காலை மடக்கித் திரும்பும் வகை) பனிச்சறுக்குக்குப் போகிறேன். அதற்கு பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் வேண்டும். கொண்டோலா (கம்பிவட வண்டி) பாதையை விட்டு விலகி, ஸ்கீயின் அடியில் வழுக்காத ஸ்கின் பட்டை ஒட்டி நடந்து ஏறி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு 600 முதல் 800 மீட்டர் வரை ஏற்றம் இருக்கும்.

ஸ்கீ 174 செ.மீ. நீளம், நடுவில் 92 மி.மீ. அகலம். உள்ளே மரம், உலோகத் தகடு இருக்கிறதா தெரியவில்லை, காந்தம் ஒட்டவில்லை. ஏற்கெனவே மூன்று முள் பைண்டிங் (பூட்ஸின் முன்நுனியை மூன்று முள்ளால் பிடிப்பது) இருந்த துளைகள் உள்ளன. சோதனைக்காக அந்தப் பழைய பைண்டிங்கை வைத்து முடுக்கினால் ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பூட்ஸ் ஸ்கார்பா டி2, முன்நுனியில் 75 மி.மீ. அகலத்தில் தட்டையாக நீண்ட ‘வாத்தலகு’ வைத்த பழைய வகை. நான்கு மழைக்காலமாகப் பரணில் கிடந்தது.

வொலே நிறுவனத்தின் ஸ்விட்ச்பேக் வாங்குவதா, 22 டிசைன்ஸ் நிறுவனத்தின் ஆக்ஸல் வாங்குவதா, இல்லை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு என்.டி.என். (நியூ டெலிமார்க் நார்ம்) என்ற புதுவகைப் பக்கம் போவதா? குன்னூரில் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், அவரிடமே துளை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தேயிலைமேடு

பைண்டிங்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் பூட்ஸைப் பரணிலிருந்து இறக்குங்க. எந்த பைண்டிங் என்பதைத் தீர்மானிப்பதே பூட்ஸ்தான்.

நம்ம மலையில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஈரம் விடாது. பாலியூரித்தேன் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே உடைந்துகொண்டு வரும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், முதல் நாள் குளிரில் அப்படியே பிளந்துவிடும். டி2வின் ஓடு பெபாக்ஸ் என்ற வேறு பிளாஸ்டிக், அது ஈரத்தை நன்றாகவே தாங்கும். ஆனால் உள் லைனர், அடிப்பாகம் ஒட்டிய பசை, பக்கிள் ரிவெட், இவற்றை நம்பாதீங்க.

வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலையும் 30 முறை முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு மடக்குங்க. விரலுக்கு மேல் இருக்கும் மடிப்பின் இரண்டு ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்க. மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் என்றால் பரவாயில்லை. நகம் மாட்டும் அளவுக்கு வெடிப்பு இருந்தால் அந்த பூட்ஸ் முடிந்தது, அதற்கு பைண்டிங் வாங்குவது வீண். வாத்தலகின் அடியில் உள்ள மூன்று முள் துளையும் பாருங்க. துளை கிழிந்திருந்தாலும், குதிகாலைச் சுற்றிக் கம்பியால் பிடிக்கும் கேபிள் வகைக்குக் கவலையில்லை, ஸ்விட்ச்பேக்கில் முள்ளே கிடையாது.

பதில்: வடமலை

பூட்ஸ் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் ஏற்றத்துக்கு நடைநிலை உள்ள பைண்டிங் கட்டாயம். அதாவது முன்பகுதி கீல் மாதிரி தானாகச் சுழல வேண்டும். அது இல்லாத ஹாமர்ஹெட் போன்றவற்றில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்பிரிங்கை எதிர்த்துக் குதிகாலைத் தூக்க வேண்டும். 800 மீட்டர் ஏறுவதற்குள் தொடை போய்விடும், இறங்கும்போது டெலிமார்க் திருப்பத்துக்குக் கால் மிஞ்சாது.

ஸ்விட்ச்பேக்கிலும் ஆக்ஸலிலும் நடைநிலை உண்டு. வித்தியாசம் இறங்கும்போதுதான். ஸ்விட்ச்பேக் இதமானது, எடை குறைவு, பாகங்கள் குறைவு, கைக்கருவியாலேயே சரிசெய்யலாம். ஆக்ஸலில் கேபிள் இழுக்கும் இடத்தை மூன்று நிலைகளில் மாற்றலாம். பின்னுக்குத் தள்ளத் தள்ள குதிகாலைக் கீழே இழுக்கும் விசை கூடும். அகலமான ஸ்கீயைக் கடினப் பனியில் ஓரத்தில் நிறுத்த அது உதவும். டி2 நடுத்தர விறைப்புள்ள பூட்ஸ், உங்கள் ஸ்கீ 92 மி.மீ. இந்த ஜோடிக்கு என் தேர்வு ஸ்விட்ச்பேக். இதே ஸ்கீ 105 மி.மீ. அகலமாக இருந்திருந்தால் ஆக்ஸல் என்று சொல்லியிருப்பேன்.

என்.டி.என். நல்ல ஏற்பாடுதான். ராட்டஃபெல்லா நிறுவனம் 2007இல் கொண்டுவந்தது. வாத்தலகு இல்லாமல், பாதத்தின் நடுவடியில் இருக்கும் இரண்டாவது குதியைப் பைண்டிங் கவ்விக்கொள்ளும். அந்த வகையில் லிங்க்ஸ், மெய்டோ என்ற பைண்டிங்குகள் முன்னால் இரண்டு ஊசிமுனையில் நிற்பவை, ஏற்றத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் டி2வை அதில் மாட்டவே முடியாது. புது பூட்ஸும் வேண்டும், அதுவும் முன்நுனியில் எஃகுக் குழி வைத்ததாக இருக்க வேண்டும். பழைய என்.டி.என். பூட்ஸ் எல்லாவற்றிலும் அந்தக் குழி இருக்காது. பூட்ஸ் வெடித்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

கோத்தகிரி மூடுபனி

மடக்கிப் பார்த்தேன். இடது பூட்ஸில் மெல்லிய வெள்ளைக் கோடு, நகம் மாட்டவில்லை. லைனரில் பூஞ்சை, வெயிலில் வைத்திருக்கிறேன். அப்படியானால் ஸ்விட்ச்பேக். துளை விஷயம் சொல்லுங்கள். காந்தம் ஒட்டாததால் உலோகம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசல்

கூடாதுங்க. ஸ்கீக்குள் வைப்பது டைட்டனால், அது அலுமினியக் கலவை. காந்தம் ஒட்டவே ஒட்டாது. ஸ்கீயின் மேல்பரப்பில் பைண்டிங் வரும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 3.6 x 9 அல்லது 4.1 x 9 என்று அச்சிட்டிருக்கும், தேடிப் பாருங்க. முதல் எண் துளையின் விட்டம், இரண்டாவது ஆழம், இரண்டும் மி.மீ.யில். 4.1 என்றால் உலோகம் உண்டு. எழுத்து அழிந்திருந்தால் முதல் துளையின் தூளைப் பாருங்க, வெள்ளிச் சுருள் வந்தால் உலோகம்.

ஹார்டுவேர் கடையில் 3.6 பிட் கிடைக்காமல் போகலாம். 9/64 இன்ச் கேளுங்க, அது 3.57 மி.மீ., போதும். உலோகத்துக்கு 5/32 இன்ச். ஆழம்தான் உயிர்நாடி. பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைப்பதை நம்பாதீங்க, டேப் நகர்ந்துவிடும். ஒரு மரத்துண்டை ஊடுருவி, பிட் நுனி சரியாக 9 மி.மீ. மட்டும் வெளியே நீட்டும்படி விட்டுவிட்டால் அதற்கு மேல் இறங்காது. பைண்டிங் அடியில் ஸ்க்ரூ எவ்வளவு நீட்டுகிறது என்றும் ஒவ்வொன்றாக அளங்க. முன்னும் பின்னும் நீளம் வேறுபடும், மாற்றிப் போட்டால் அடிப்பரப்பு முட்டிக்கொண்டு புடைக்கும்.

ஆசாரி போடலாம், தாராளமாக. ஆனால் குறி வைப்பது நீங்களாக இருங்க. துளை இடங்களைக் காட்டும் காகித அச்சை (டெம்ப்ளேட்) 100 சதவீத அளவில் எடுத்து அதிலுள்ள அளவுகோலை நிஜ ஸ்கேலோடு ஒத்துப் பாருங்க. ஸ்கீயில் பூட்ஸ் நடுக்கோடு அச்சிட்டிருந்தால் அதோடு பூட்ஸின் நடுக்குறியைச் சேருங்க. இல்லையென்றால் நுனியிலிருந்து வால் வரை அளவு டேப்பை நேராக இழுத்துப் பாதியைக் குறித்து, முள் கோட்டை (முள் வகையில் மூன்று முள் வரும் வரி) அங்கே வையுங்க. புதுத் துளை பழையதிலிருந்து மையத்துக்கு மையம் 1 செ.மீ.யாவது தள்ளி இருக்கணும். இடித்தால் இரண்டு ஸ்கீயிலும் ஒரே அளவு, 5 முதல் 10 மி.மீ. வரை நகர்த்துங்க.

எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் போடாதீங்க. முன் துளை ஒன்றைப் போட்டு லேசாக முடுக்கி, பூட்ஸை மாட்டி, குதிகால் நடுக்கோட்டில் விழுகிறதா பார்த்த பிறகே மற்றதுக்குக் குறி. ஸ்க்ரூ தலை போஸிட்ரிவ் 3. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். துளையில் ஒரு சொட்டு மரப்பசை விட்டு முடுக்குங்க, தண்ணீர் உள்ளே போகாது.

சுற்றுகிற அந்தத் துளை புது அமைப்பில் பயன்படாது. பழைய துளை எல்லாவற்றிலும் மூங்கில் குச்சி சீவி, அரால்டைட் தடவி அடித்து, காய்ந்தபின் மட்டமாகச் சீவிவிடுங்க. ஆனால் முதலில் உள்ளே காயணும். கோத்தகிரி ஈரத்தில் திறந்து கிடந்த துளை என்றால் அடுப்படியில் ஒரு வாரமாவது வையுங்க. அரால்டைட்டும் நம்ம குளிரில் மெதுவாகத்தான் இறுகும், 24 மணி நேரம் தொடாதீங்க.

பதில்: வடமலை

பொருத்திய பிறகு வரும் சிக்கல் இரண்டு. கேபிள் தளர்ந்திருந்தால் ஆழமாக மடக்கும்போது குதிப் பிடி கழன்றுவிடும். அதிகமாக இறுகினால் நிற்கும்போதே பூட்ஸ் வளையும், வாத்தலகு நசுங்கும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை திருகி, குதிப் பிடி உள்ளங்கை அழுத்தத்தில் பட்டென்று மூடும் இடத்தில் நிறுத்துங்கள். மேலே சொன்ன 30 மடிப்பைப் பைண்டிங்கோடு பலகை மேல் மறுபடி செய்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பனி. குல்மார்க் ஊர் ஏறக்குறைய நம்ம தொட்டபெட்டா உயரம்தான், ஆனால் அங்கே பிப்ரவரியில் கடுங்குளிர். முன்பகுதிக்கு அடியில் பனி திணிந்து நடைநிலை விசை மாறாது. உதைக்காதீர்கள், உடையும். கைத்தடி நுனியால் சுரண்டி எடுத்துவிட்டு மாற்றுங்கள். கிளம்பும் முன் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் ஒட்டுவது குறையும்.

பையில் ஒரு மாற்றுக் கேபிள், நாலு ஸ்க்ரூ, போஸிட்ரிவ் முனை, ஸ்டீல் வுல், ஐந்து நிமிட எபாக்ஸி, இரண்டு ரப்பர் பட்டை. மலையில் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டால் ஸ்டீல் வுல்லை எபாக்ஸியில் தோய்த்துத் துளையில் திணித்து முடுக்கலாம். எபாக்ஸியைச் சட்டைக்குள் வைத்திருங்கள், குளிர்ந்தால் பிழியவே வராது.

கோத்தகிரி மூடுபனி

4.1 x 9 என்று அச்சு இருக்கிறது. 5/32 வாங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று: ஸ்விட்ச்பேக்கில் கழன்ற ஸ்கீயை நிறுத்தும் பிரேக் இல்லையே, ஸ்கீயைக் காலோடு பட்டியால் கட்டிக்கொள்வதா?

பதில்: தேயிலைமேடு

கொண்டோலாப் பாதையிலும் சாதாரணச் சரிவிலும் கட்டுங்க, கழன்ற ஸ்கீ கீழே இருப்பவர் மேல் பாயக்கூடாது. ஆனால் நீங்க விழும்போது 75 மி.மீ. கேபிள் பைண்டிங் தானாகக் கழலும் என்று நம்ப முடியாது என்பதை மனதில் வையுங்க. மேலிருந்து பனி சரிந்து அதில் மாட்டினால் ஸ்கீ நங்கூரம் மாதிரி ஆளைக் கீழே இழுக்கும். அதனால் சரியக்கூடிய இடங்களுக்குப் பட்டியை அவிழ்த்துவிட்டுப் போங்க, டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேடும் ரேடியோ கருவி), மண்வெட்டி, ப்ரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி) மூன்றும் இல்லாமல் அங்கே கால் வைக்காதீங்க. கையுறையோடு குதிப் பிடியைக் கழற்ற எத்தனை நொடி ஆகிறது என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்க.

உலோகம் இருப்பதால் இன்னொன்று: ஸ்க்ரூ இறங்க மறுத்தால் பலம் போடாதீங்க. தகடு மேலே எழும்பிவிடும். 12ஏ.பி. டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்று வாங்கித் துளையில் மரை வெட்டிவிட்டு முடுக்குங்க.