ஜெயித்து ஜெயித்துச் சலித்தவன்

கார்ட்டூன் பாத்திரம் ஒன்றைப் பற்றி இப்படி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் 'ஒன் பஞ்ச் மேன்' தொடரின் சைதாமா எனக்கு ரொம்ப நெருக்கமானவன்.

தம்பிதான் காட்டினான். 2015 அக்டோபரில் ஜப்பானில் ஒளிபரப்பான முதல் சீசன், 12 பகுதிகள். 'ஒன்' என்ற புனைபெயர்க்காரர் 2009இல் இணையத்தில் வரையத் தொடங்கிய கதை அது. எந்த ராட்சதன் வந்தாலும் சைதாமா ஒரே குத்துதான் விடுவான், கதை முடிந்துவிடும். முதல் பகுதியிலேயே, "இந்தத் தடவையும் ஒரே குத்தா!" என்று கத்துவான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதே பகுதியில் ஒரு கனவு வரும். பூமிக்கடியில் இருந்து பலசாலிகள் படையாகக் கிளம்பி வந்து அவனை அடித்து நொறுக்குவார்கள். ரத்தம் சொட்டச் சொட்ட எழுந்து நிற்பான், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! அப்புறம் அலாரம் அடித்து விழித்துக்கொள்வான். நிஜமாகவே அந்தப் படை வந்து நிற்கும்போது ஆசையோடு ஓடுவான். அங்கேயும் ஒரே குத்து. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் வங்கித் தேர்வுக்கு வருடக்கணக்கில் படித்து வேலைக்குப் போனவள். படித்த காலத்தில் இருந்த படபடப்பும் வேகமும் வேலை கிடைத்த பிறகு எங்கே போயின என்றே தெரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? சைதாமாவுக்கும் அதே கதைதான். வேலை கிடைக்காமல் அலைந்த ஒரு நாளில் நண்டு ராட்சதன் ஒருவனிடமிருந்து ஒரு பையனைக் காப்பாற்றுகிறான். அன்றிலிருந்து மூன்று வருடம் தினமும் 100 தண்டால், 100 சிட்-அப், 100 குந்துகை, 10 கிலோமீட்டர் ஓட்டம். தலைமுடி கொட்டியது, பலம் வந்தது, சண்டையில் இருந்த துடிப்பு போய்விட்டது. தோற்றுச் சலித்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் உண்டு, ஜெயித்துச் சலித்தவனுக்கு யாரும் இல்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்பதாவது பகுதி. கடல் அரசன் என்ற ராட்சதன் மற்ற ஹீரோக்களை ஒவ்வொருவராக வீழ்த்துகிறான். ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்தும் சைக்கிளில் வந்து எதிர்த்து நிற்கிறான் முமென் ரைடர் என்ற ஹீரோ. அடிபட்டு விழுபவனைத் தாங்கிப் பிடித்து, நன்றாகப் போராடினாய் என்கிறான் சைதாமா. பிறகு வழக்கமான ஒரு குத்து. அதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயம். கூட்டத்தில் ஒருவன் தோற்ற ஹீரோக்களை ஏளனம் செய்கிறான். உடனே சைதாமா, "மற்றவர்கள் அடித்துப் பலவீனமாக்கி வைத்திருந்தார்கள், கடைசியில் வந்த எனக்குச் சுலபமாகிவிட்டது" என்று சத்தமாகப் பொய் சொல்கிறான். தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறான்.

அவனுக்குச் சலிப்பு சண்டையின் மேல் மட்டும்தான், மனிதர்கள் மேல் இல்லை. இது புரிந்த பிறகு வங்கியில் பென்ஷன் வாங்க வரும் தாத்தா பாட்டிகளிடம் நான் உட்கார்ந்து பேசும் விதம் மாறியிருக்கிறது. வேலையில் பழைய துடிப்பு இன்னும் வரவில்லை. ஆனால் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்பவர்களுக்கு நானே எழுந்துபோய் நிரப்பிக் கொடுக்கிறேன்.